கூட்டக் குறிப்பில் எழுதாதவை

அரைப் பக்கம் போதும் என்கிறார்கள்.
பிறந்த ஆண்டு, கடை திறந்த ஆண்டு,
மேயராய் இருந்த ஆறு தவணை.
ஐஸ் அரங்கின் சுவரில் பதிக்கும் பித்தளைத் தகட்டுக்கு.
பதினான்கு வருடம் அவர் பேசியதை எழுதியவள் நான்,
எனக்குத்தான் தெரியுமாம்.

தெரியும்.
நஸ்ரி கத்தார் ஆணியை எண்ணி விற்பவர்.
நிறுத்தால் ஒன்றிரண்டு கூடப் போய்விடுமாம்.
பாதிரியாருக்கும் பத்துச் சதம் குறைத்ததில்லை.
லெபனானிலிருந்து வந்து
ஊசி, நூல், சீப்பு சுமந்து
சஸ்காச்சுவான் முழுக்கக் கதவு தட்டிய ஒருவரின் மகன்.
கோர்பன் சைடிங்கில்
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஒரு தானியக் கோபுரம், நிற்காமல் போகும் ரயில்.

எழுத்தர் வேலைக்கு நான் போன அன்று
ஒரே கேள்விதான் கேட்டார்:
உங்கள் ஊரில் குளிர் எப்படி?
மன்னாரில் குளிர் இல்லை என்றேன்.
அப்படியென்றால் முதலில் பூட்ஸ் வாங்கு.
வாங்கினேன். அவர் கடையில்.
முழு விலைக்கு.

கூட்டம் ஒன்பது மணியைத் தாண்டினால்
கதிரையைத் தள்ளி எழுந்துபோய்
பாதி விளக்கை அணைத்துவிட்டு வருவார்.
ஊரின் வரவுசெலவை எத்தனையோ இரவு
அரையிருட்டில்தான் கூட்டிக் கழித்தோம்.

நெடுஞ்சாலையைத் தார்போடச் சொல்லி
மாகாணத்துக்கு ஏழு கடிதம்.
சொன்னவர் அவர், தட்டச்சு செய்தவள் நான்.
ஆம்புலன்ஸ் சேற்றில் புதைந்த கதையை
ஏழிலும் எழுதச் சொன்னார்.
எட்டாவதற்கு முன் சாலை வந்தது.
அதே சாலையில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி,
விமான நிலையம் போல வெளிச்சமாய்
ஒரு பெரிய கடையும் வந்தது.
சனிக்கிழமைகளில் அவர் வாசல் வழியே
அந்தக் கடையின் பைகள் போகும், லாரி முன்னிருக்கையில்,
ஆட்கள் போல நிமிர்ந்து உட்கார்ந்து.
அவர் கையசைப்பார். ஓட்டுகிறவருக்குத்தான்.

பிறகு அந்தப் பெப்ரவரிக் கூட்டம்.
வரி நிலுவைப் பட்டியல், பதினேழு பெயர்.
ஒன்றை மட்டும் தனித்தாளில் எழுதி
மடித்துக் கோப்பின் அடியில் வைத்திருந்தேன்.
அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார்,
பதினாறை எண்ணினார்,
ஆணி எண்ணும் அதே விரலால்.
கோப்பைக் கவிழ்த்தார்.

கத்தார் ஹார்ட்வேர் என்று வாசித்தார்.
இரண்டு வருடம். தொகையைச் சதத்தோடு.
அடுத்த மாதம் பார்க்கலாமே, நஸ்ரி,
என்று வில்ஃப் பென்னர் இருமினார்.
எண்பத்திரண்டில் உன் பெயரையும்தான் வாசித்தேன், வில்ஃப்.
ஆனால் சொந்த விஷயத்தில் நான் உட்காரக் கூடாது.
தலைமைச் சுத்தியலை டொரத்தியாவிடம் தள்ளினார்,
கோட்டை மாட்டினார், வெளியே போனார்.

மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நாங்கள் நாலு பேரும் ஹீட்டரும்.
கையை யாரும் தூக்கவில்லை.
டொரத்தியா கூரையில் ஏதோ கசிவைத் தேடினாள்.
சன்னலில் பூத்த உறைபனிக்கு அப்பால்
தெருவிளக்கின் கீழ் கையுறை இல்லாமல் ஒரு ஆள்,
கால் மாற்றிக் கால் மாற்றி.
கடைசியில் வந்து கண்ணாடியைத் தட்டினார்,
மணிக்கட்டைக் காட்டினார்:
நேரமாகிறது.

கைகள் எழுந்தன.
நான் எழுதினேன்:
சொந்த நலன் இருப்பதாக அறிவித்து
8.47க்கு மேயர் வெளியேறினார்.
8.58க்குத் திரும்பினார்.
தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை.

வந்து உட்கார்ந்தவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
அடுத்தது என்றார்.
அடுத்தது நாய் உரிமக் கட்டணம்.
ஐந்து டொலரா ஏழா என்று நெடுநேரம் சண்டை.
ஏழு என்று நின்றார்.
ஒன்பதரை ஆகியிருந்தது.
எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.